பச்சை மனிதனும் அம்மாச்சியின் கையும்



சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பூன் லே எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, ஜூரோங் பாயின்ட் கடைத்தொகுதியில் காய்கறி வாங்கிக்கொண்டு, நானும் என் தாயாரும் பத்து வயது மகளும் வீடு நோக்கி நடந்துகொண்டிருந்தோம். என் தாயார் மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்தார். சாலைச் சந்திப்பில் நின்றோம். பச்சை மனிதன் ஒளிர்ந்தான். பள்ளியில் கற்றவாறே என் மகள் உடனே காலெடுத்து வைத்தாள். அடுத்த நொடி என் தாயார் அவளுடைய புத்தகப்பையைப் பற்றிப் பின்னால் இழுத்தார். எங்கள் முதுகுப்புறமிருந்து வந்து இடப்பக்கம் திரும்பிய லாரி ஒன்று, அவள் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் கடந்து சற்றுத் தள்ளிப் போய் நின்றது.

"பச்சைதானே அம்மாச்சி!" என்று மகள் அழுதாள்.

"பச்சையா இருந்தா என்னடி கண்ணு, லாரிக்காரன் பாக்கணும்ல" என்றார் என் தாயார்.

தவறு ஓட்டுநருடையது, அதில் ஐயமில்லை. பச்சை மனிதன் ஒளிரும்போது திரும்பும் வாகனம் பாதசாரிக்கு வழிவிட வேண்டும் என்பதே இங்குள்ள விதி. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் மகளுக்குச் சாலை விதியைக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அவளைக் காப்பாற்றியதோ, போக்குவரத்து விளக்கே இல்லாத ஊரில் வாழும் ஒரு முதியவர். நாம் கற்றுக்கொடுப்பதில் எங்கோ ஒரு குறை இருக்கிறது என்று தோன்றியது. அதைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

என் தாயாரைப் பெரிய வீராங்கனையாகக் காட்டுவது என் நோக்கமன்று. இதே தாயார் இங்கு வந்த இரண்டாம் நாள் எங்கள் புளோக்கின் எதிரே என்ன செய்தார் தெரியுமா? வலக்கையை உயர்த்திக் காட்டியபடி, வருகின்ற கார்களின் நடுவே நேராக இறங்கிவிட்டார்! ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டியவர் வெளிறிப்போய்விட்டார். "கையைக் காட்டினா நிக்க மாட்டானா?" என்பது என் தாயாரின் கேள்வி. மன்னார்குடியில் நிற்பார்கள், அல்லது வளைந்து செல்வார்கள். அங்கே வண்டி மெதுவாகத்தான் வரும். ஓட்டுபவரும் எந்த நொடியிலும் ஒரு மனிதரோ மாடோ குறுக்கே வரும் என்று எதிர்பார்த்தே ஓட்டுவார். இங்கே விளக்கு பச்சையாக இருக்கும்போது குறுக்கே ஒருவர் வருவார் என்று ஓட்டுநர் எதிர்பார்ப்பதே இல்லை. ஆகவே ஊரில் அவர் உயிரைக் காத்த அதே கை, இங்கே அவர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

நான் 2004-ஆம் ஆண்டு திருமணமாகி இங்கு வந்தபோது என் நிலையும் இதுவே. வந்த முதல் ஞாயிறு, சிராங்கூன் சாலையைத் தேக்கா சந்தைக்கு அருகே, கூட்டம் போகிறதே என்று நானும் கூடவே கடந்தேன். அங்கே நின்றிருந்த உள்ளூர்த் தமிழ் மூதாட்டி ஒருவர், "ஏம்மா, நாலு எட்டு தள்ளி சிக்னல் இருக்கே, கண்ணு தெரியலையா?" என்று கடிந்துகொண்டார். எனக்கு அவமானமாகிவிட்டது. பாதசாரிகள் கடப்பதற்கென அமைந்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் வேறு இடத்தில் சாலையைக் கடப்பது இங்கே சட்டப்படி குற்றம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து ஆசிரியர் பயிற்சிக்காகத் தேசிய கல்விக் கழகத்தில் சேர்ந்தேன். பூன் லே பேருந்து நிலையத்தில் 179-ஆம் எண் பேருந்தில் ஏறி நன்யாங் வளாகத்திற்குச் செல்வேன். ஒருநாள் அதிகாலையில் ஒரு வண்டிகூட இல்லாத சாலையின் ஓரத்தில், சிவப்பு மனிதனைப் பார்த்தபடி நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். "நான் ஏன் நிற்கிறேன்?" என்று என்னையே கேட்டுச் சிரித்துக்கொண்டேன். அன்றுதான் நான் சிங்கப்பூர்ச் சாலைக்குப் பழகிவிட்டேன் என்று தெரிந்தது. அதன் பிறகு விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்திற்கு எதிரே சாலையைக் கடக்க முடியாமல் பத்து நிமிடம் நின்றேன். கீரை விற்கும் அம்மாள் ஒருவர் என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். இடையில் நான் எதைக் கற்றேன், எதை இழந்தேன் என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என இரண்டு வழக்குகள் நம் மொழியில் உண்டு. இரண்டும் தமிழே. ஆனால் மேடையில் பேச வேண்டியதைக் கடைத்தெருவில் பேசினால் சிரிப்பார்கள். கடைத்தெருவில் பேச வேண்டியதைத் தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் போய்விடும். எந்த வழக்கு எங்கே பொருந்தும் என்பதையே நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். சாலைக்கும் இவ்வாறு வழக்குகள் உண்டு. தமிழ்நாட்டுச் சாலையில் ஒலிப்பான் என்பது "நான் வருகிறேன்" என்று அறிவிக்கும் சொல். லாரிகளின் பின்புறத்திலேயே ஒலி எழுப்புமாறு எழுதிவைத்திருப்பார்கள். சிங்கப்பூரிலோ ஒலிப்பான் என்பது வசவுச் சொல். அங்கே எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு மின்னினால் "நான் நிற்க மாட்டேன்" என்று பொருள். இங்கிலாந்து போன்ற நாடுகளில் "நீங்கள் போகலாம்" என்று வழிவிடுவதற்கும் அவ்வாறே மின்னச் செய்கிறார்கள். ஒரே குறிப்பை இரண்டு ஊரார் இரண்டு விதமாகப் படித்தால் என்ன ஆகும்?

வண்டி ஓட்டுவோர் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். இந்தியாவைப் போலவே இங்கும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமாகச் செல்வதால், "நம்ம ஊரு மாதிரிதானே" என்று நம்மவர் எளிதாக எண்ணிவிடுகிறார்கள். என் கணவரும் அப்படித்தான் எண்ணினார். இந்திய உரிமத்தை இந்நாட்டு உரிமமாக மாற்றிக்கொள்ள அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் தேற வேண்டும். அதற்குப் படித்தபோதுதான், ஊரில் பல ஆண்டுகள் ஓட்டியும் தமக்குத் தெரியாத விதிகள் எத்தனை என்று அவர் வியந்தார். பிறகு ஒலிப்பானைத் தொடாமல் ஓட்டப் பழகினார். தண்டனைப் புள்ளி முறைக்கு அஞ்சவும் பழகினார். (24 மாதங்களுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் தற்காலிகமாகப் பறிபோகும்.) வரிக்கோடு போட்ட கடவையில் ஒருவர் கால் வைத்தால் நிறுத்தவும் பழகினார்.

இந்த நல்ல பழக்கமே ஊரில் வினையாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் விடுமுறையில் திருச்சியில் உறவினரின் காரை ஓட்டிச் சென்றவர், வரிக்கோட்டின் அருகே ஒரு முதியவர் நிற்பதைக் கண்டு வண்டியை நிறுத்தினார். அந்த முதியவரே இதை எதிர்பார்க்கவில்லை, அசையாமல் நின்றார். பின்னால் வந்த இருசக்கர வண்டிக்காரர் மட்டும் எதிர்பார்ப்பாரா? நேரே வந்து மோதினார். நல்லவேளையாகக் காயம் சிறியதுதான். "நடுரோட்ல ஏன் சார் நிறுத்துனீங்க?" என்று அவர் கேட்டதற்கு என் கணவரிடம் விடை இருந்தது. ஆனால் அந்த இடத்தில் அது செல்லுபடியாகும் விடையன்று.

"அப்படியானால் இரண்டு வழக்குகளும் சமம்தானே, அவரவர் ஊருக்கு அவரவர் முறை" என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொழி வழக்கில் உயர்வு தாழ்வு இல்லை. சாலை வழக்கில் உயிர்க்கணக்கு இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் சிங்கப்பூரில் மாண்டவர்கள் 108 பேர். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், அங்கே ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 23 பேர், இங்கே ஏறத்தாழ 2 பேர். இந்தியா முழுவதிலும் அவ்வாண்டு சாலையில் இறந்த பாதசாரிகள் மட்டும் 32,000-க்கும் மேல். இந்த எண்களைப் பார்த்த பிறகும் "நம்ம ஊரில் எல்லாரும் எப்படியோ சமாளித்துப் போய்விடுவார்கள்" என்று பெருமை பேசுவது எப்படி? சமாளிக்க முடியாமல் போனவர்கள் பேசுவதற்கு இல்லை.

ஆனால் "நம்ம ஆட்களுக்கு ஒழுங்கே கிடையாது" என்று பிள்ளைகளின் முன்னிலையில் ஏளனம் செய்வதையும் நான் ஏற்க மாட்டேன். பெற்றோர்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். நடைபாதை இருந்து அதில் கடையோ வண்டியோ நின்றால், மக்கள் சாலையில் நடக்காமல் எங்கே நடப்பார்கள்? கடப்பதற்கு விளக்கே இல்லாத இடத்தில் கையைக் காட்டாமல் எதைக் காட்டுவார்கள்? ஒழுங்கற்ற ஊரிலிருந்து வந்த அதே மனிதர்தான் இங்கே வந்த சில மாதங்களில் ஆளில்லாச் சாலையிலும் சிவப்புக்கு நிற்கிறார். குறை குருதியில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவிலும் எங்கள் பூன் லே வட்டாரத்திலும் கூடும் நம் தொழிலாளர் தம்பிகளையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். நமக்காவது சொல்லித்தர வீட்டில் ஒருவர் இருந்தார். அவர்கள் முன்னே போகிறவரைப் பார்த்துப் பின்னே போகிறார்கள். முன்னே போகிறவரும் சென்ற மாதம் வந்தவராக இருக்கலாம். அவர்கள் தவறாகக் கடப்பதைக் கண்டால் முகம் சுளித்து நகர்வதைவிட, "தம்பி, அங்கே சிக்னல் இருக்கு, அதுல போங்க" என்று தமிழில் ஒரு சொல் சொல்வது மேல். என்னைக் கடிந்துகொண்ட அந்த மூதாட்டிக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சரி, என் மகளிடம் வருகிறேன். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு வகுப்பில் தொடக்கநிலை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "சாலையைக் கடக்கும்போது என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். "பச்சை மனிதன் வந்ததும் கடக்க வேண்டும்" என்று ஏறக்குறைய எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிறுவன் மட்டும் மெதுவாக, "வண்டி வருதான்னு பாக்கணும் டீச்சர்" என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது பிள்ளைகளுள் அவன் ஒருவன்தான் சாலையைப் பற்றிச் சொன்னான். மற்றவர்கள் விளக்கைப் பற்றிச் சொன்னார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இங்கே சாலைப் பாதுகாப்புக் கல்வி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1981-ஆம் ஆண்டிலேயே கிழக்குக் கடற்கரையில் பிள்ளைகளுக்கென்று சிறு சாலைகளும் விளக்குகளும் கொண்ட சாலைப் பாதுகாப்புப் பூங்காவை அமைத்த நாடு இது. பள்ளிகளின் அருகே வேகம் குறைக்கப்படுகிறது. முதியோர் அதிகம் வாழும் வட்டாரங்களில் 2014 முதல் 'சில்வர் ஸோன்' அமைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். 2009 முதல் பல சந்திப்புகளில், மூத்தோர் தம் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் கூடுதலாகச் சில நொடிகள் நிற்கிறான். இத்தனை ஏற்பாடுகளும் நன்று. ஆனால் ஏற்பாடு நன்றாக இருக்க இருக்க, அதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளும் ஆபத்தும் கூடுகிறது. பச்சை மனிதன் நமக்குத் தருவது உரிமை. காவல் அன்று. அவன் ஒளிரும் அதே வேளையில் திரும்பும் வண்டிகளுக்கும் பச்சை எரியக்கூடும் என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? வலப்பக்கம் திரும்பும் வண்டிகளுக்குத் தனி அம்புக்குறி விளக்குகளை மேலும் பல சந்திப்புகளில் பொருத்தும் பணியை நிலப் போக்குவரத்து ஆணையம் 2018-இல் அறிவித்தது. இடப்பக்கம் திரும்பும் லாரியை நம் கண்தான் பார்க்க வேண்டும். 2024-இல் இந்நாட்டுச் சாலைகளில் 142 பேர் இறந்தனர். 2022-ஐ விட 34 பேர் கூடுதல். நாமும் மார்தட்டிக்கொள்ளும் நிலையில் இல்லை.

சுவீடன் நாட்டில் நடந்த ஒன்றை மாணவர்களுக்கு நான் கதையாகச் சொல்வதுண்டு. அதுவரை சாலையின் இடப்பக்கம் ஓட்டிவந்த அந்நாட்டினர், 1967 செப்டம்பர் 3-ஆம் நாள் விடியற்காலையில் ஒரே நேரத்தில் வலப்பக்கத்திற்கு மாறினார்கள். விபத்துகள் பெருகும் என்று பலர் அஞ்சினர். நேர்ந்ததோ வேறு. தொடக்கத்தில் விபத்துகள் குறைந்தன. எல்லாருக்கும் சாலை புதிதாகிவிட்டதால் எல்லாரும் பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள், பார்த்துப் பார்த்து நடந்தார்கள். பழகிய பிறகு விபத்துகளும் பழைய அளவுக்கே திரும்பின. நம் முன்னோர் பலர் வாழ்ந்த பர்மாவும் 1970-இல் இவ்வாறே வலப்பக்கத்திற்கு மாறிய நாடுதான். இன்றும் டொரோண்டோவிற்கோ பாரிஸிற்கோ குடிபெயரும் நம் உறவினர்கள், சிறுவயது முதல் "முதலில் வலப்பக்கம் பார்" என்று பழகிய கழுத்தை மறுபுறம் திருப்பக் கற்க வேண்டியிருக்கிறது. புதிய ஊரில் நம்மைக் காப்பது பழைய பழக்கமன்று. "இது புதிய ஊர்" என்ற நினைவுதான்.

ஆகவே என் கருத்து இது. பிள்ளைகளுக்கு விதியையும் கற்பிக்க வேண்டும், பார்வையையும் கற்பிக்க வேண்டும். விதியை நாம் பள்ளியில் கற்பித்துவிடுகிறோம். பார்வையைக் கற்பிக்கத் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களை நாம் 'சாலை தெரியாதவர்கள்' என்று ஒதுக்கிவிடுகிறோம். நான் இப்போது என் வீட்டில் கடைப்பிடிக்கும் சிலவற்றைச் சொல்கிறேன். பயன்படுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்தால், கோயிலுக்கும் கடைக்கும் அழைத்துச் செல்வதற்கு முன், வீட்டருகே உள்ள சந்திப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். பொத்தானை அவர்களே அழுத்தட்டும். பச்சை மனிதன் மின்னத் தொடங்கிவிட்டால் புதிதாக இறங்கக் கூடாது, அடுத்த பச்சைக்குக் காத்திருக்க வேண்டும் என்று நான்கைந்து முறை நடந்து காட்டுங்கள். வருகையாளராக வந்தவரிடம் மூத்தோர் சலுகை அட்டை இருக்காது. கூடுதல் நொடிகள் அவருக்குக் கிடைக்கமாட்டா. நடைபாதையில் மிதிவண்டியும் வரும் என்பதையும் சொல்லுங்கள். கதை பேசியபடி மூவர் நால்வராகப் பாதையை அடைத்து நடக்கும் ஊர்ப்பழக்கம் இங்கே ஆகாது.

பிள்ளைகளிடம், பச்சை வந்ததும் "போ" என்று சொல்லாதீர்கள். "என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். எந்த வண்டி திரும்பப் போகிறது, ஓட்டுநர் நம்மைப் பார்த்தாரா, பின்னால் என்ன வருகிறது என்று அவர்கள் சொல்லட்டும். இரண்டு வாரம் கேட்டால் போதும். பிறகு அவர்களே நமக்குச் சொல்வார்கள். தமிழில் கேட்டால் ஒரு மொழிப்பாடமும் ஆயிற்று!

ஜூன், டிசம்பர் விடுமுறைகளில் ஊருக்குப் போகும்போது, "அங்கே விளக்கை நம்பாதே, அம்மாச்சியின் கையை விடாதே" என்று விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். இங்கே பழகிய பிள்ளை, வண்டி தனக்காக நிற்கும் என்றே நம்பும். அந்த நம்பிக்கை அங்கே பொய்த்துப் போகும் நொடி மிகக் கொடியது.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சிவப்பில் ஓடுகிறோமே, அந்த ஐந்து நொடிகளில் நாம் நடத்தும் பாடத்தை நான் ஓராண்டு வகுப்பில் நின்று பேசினாலும் அழிக்க முடியாது. ஒரு கையில் கைபேசியும் மறுகையில் பிள்ளையுமாகக் கடப்பதும் அவ்வாறே.

என் தாயார் சென்ற வாரம் ஊர் திரும்பிவிட்டார். புறப்படுவதற்கு முதல் நாள் அதே சந்திப்பில் மீண்டும் மூவரும் நின்றோம். பொத்தானை அழுத்தியவர் என் தாயார். பச்சை வந்தது. இருவரும் இறங்கவில்லை. என் மகள் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். "ஒரு வேன் திரும்புது அம்மாச்சி, இருங்க" என்றாள். வேன் நின்று வழிவிட்டது. என் தாயார் பழக்கம் மாறாமல் அந்த ஓட்டுநரை நோக்கிக் கையை உயர்த்தினார். அவரும் புன்னகையோடு கையை உயர்த்தினார்.

அன்புடன், உங்கள் தமிழாசிரியை.